மோரீஷஸ் சர்க்கரையும் ஹுமேராவின் முடிவுரையும்

பேராசிரியர் புகழேந்தியைத் திட்டாமல் ஹுமேராவைப் பற்றி எழுத முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை. அவர்தான் எங்கள் இருவருக்கும் நெறியாளர். முனைவர் பட்டத்துக்கு நாங்கள் எழுதும் ஆய்வேட்டில் அவர் கையெழுத்து விழுந்தால்தான் அது அடுத்த மேசைக்கு நகரும். அந்தக் கையெழுத்து விழுவதற்குள் மனிதனுக்குத் தலை நரைத்துவிடும். எனக்கு நரைத்துவிட்டது. ஹுமேரா முக்காடு போடுகிறவள், அதனால் அவளுக்கு எப்படி என்று தெரியவில்லை.

ஹுமேரா ஆம்பூர்க்காரி. கல்லூரியில் வரலாறு நடத்தும் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் என்ற சொல்லை யாரோ கிண்டலுக்குத்தான் அந்தப் பதவியில் சேர்த்திருக்க வேண்டும். கோடை விடுமுறையில் சம்பளம் கிடையாது, ஜூன் மாதம் மறுபடி கூப்பிடுவார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். நானும் அதே வேலையில் இருப்பவன். சத்துவாச்சாரியிலிருந்து பஸ் பிடித்துப் போவேன், அவள் எதிர்ப்பக்கமிருந்து வருவாள், இருவரும் ஒரே துறை அறையில் ஒரே மேசையின் இரண்டு ஓரங்களில் உட்கார்ந்து சண்டை போடுவோம்.

அவள் இனிமையான பெண் என்று நான் சொல்லமாட்டேன். கண்டக்டரோடு சண்டை, கேன்டீன்காரரோடு சண்டை, மாணவன் தப்பாகத் தேதி சொன்னால் அவன் அப்பன்மேலும் சேர்த்துச் சண்டை. அவளுக்கு இந்தக் கோபம் சின்ன வயதிலேயே வந்ததற்குக் காரணம் உண்டு. அவள் அப்பா ரஷீத் அஹமது எலும்பு மில்லில் வேலை பார்த்தவர். தோல் பதனிடும் ஆலைகளை நாங்கள் தோல் ஷாப் என்போம், அவை இருக்கிற ஊரில் தோலுக்கு மரியாதை, எலும்புக்கு இல்லை. கறிக்கடைகளில் மிஞ்சும் எலும்பெல்லாம் லாரியில் அந்த மில்லுக்கு வரும், அரைத்து மூட்டை கட்டுவார்கள். அந்த நாற்றம் அவர் சட்டையோடு வீட்டுக்கு வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இவளைக் கண்டால் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். ஒருத்தியை டிபன் பாக்ஸாலேயே அடித்துவிட்டு, அதற்காக வெயிலில் நின்றிருக்கிறாள்.

எம்.ஏ. படிக்கும்போது ஒரு நாள், சுதேசி காலத்தில் வெள்ளைச் சர்க்கரைக்கு எதிராக நடந்த பிரசாரத்தைப் பற்றி வகுப்பு நடந்தது. சீமைச் சர்க்கரையை எலும்புக் கரியில் வடிகட்டித்தான் வெளுக்க வைக்கிறார்கள், அதைத் தொட்டால் ஆசாரம் கெடும் என்று அப்போது பேசினார்களாம். ஹுமேரா வகுப்பிலேயே சத்தமாகச் சிரித்துவிட்டாள். மூக்கைப் பிடித்துக்கொண்ட அத்தனை பேருடைய வீட்டுப் பாயசமும் அவள் கண்முன் வந்திருக்க வேண்டும். அன்றைக்குச் சர்க்கரையைப் பிடித்தவள் பிறகு விடவே இல்லை.

அவள் ஆய்வை இரண்டு வார்த்தையில் சொல்லிவிடலாம். ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் பீட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுத்து, ஏற்றுமதி செய்கிறவனுக்கு அரசாங்கப் பணத்தில் மானியம் கொடுத்தன. அந்தச் சர்க்கரை அடிமாட்டு விலைக்கு உலகம் முழுக்கப் போனது. இங்கிலாந்தில் ஜாமும் பிஸ்கட்டும் செய்கிறவர்களுக்குக் கொண்டாட்டம், அதனால் அங்கே யாரும் வரி போடவில்லை. இந்தியாவிலோ 1899இல், அந்த மானியத்தை ஈடுகட்டும்படி, அதே சர்க்கரைமேல் எதிர்வரி போட்டார்கள். தூதரகங்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டன, குறிப்புகள் பறந்தன, கடைசியில் 1902இல் பிரசல்ஸ் நகரத்தில் உட்கார்ந்து மானியத்தை நிறுத்துவதாக ஒப்பந்தம் போட்டார்கள்.

இந்தியாவில் மட்டும் ஏன் வரி? கேள்வி அதுதான். இந்தியச் சந்தையை நம்பிப் பிழைத்த மோரீஷஸ் தோட்ட முதலாளிகள் கூச்சல் போட்டதுதான் பெரிய காரணம் என்பது ஹுமேராவின் முடிவு. அந்தத் தோட்டங்களில் கரும்பு வெட்டியவர்களில் நம் வடஆற்காட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏறிப்போனவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இருந்தார்கள். இங்கே இருந்தவன் சர்க்கரைக்கு அதிக விலை கொடுத்தான், அங்கே போனவன் அதே கூலிக்கு வெட்டினான், லாபம் துரைக்குப் போனது. இதை அவள் முடிவுரையில் எழுதியிருந்தாள். நான் படித்தேன். பொறாமைப்படும்படி இருந்தது.

புகழேந்திக்கு அது பிடிக்கவில்லை. அவர் பல வருடங்களுக்கு முன் ‘கரும்பின் வெற்றி’ என்று ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். இந்த வரி இந்திய உழவனுக்குக் கிடைத்த முதல் வெற்றி என்று அதில் அடித்துச் சொல்லியிருக்கிறார். அதை அவரைத் தவிர வேறு யாரும் மேற்கோள் காட்டியதில்லை. அந்த வயிற்றெரிச்சல் அவருக்கு உண்டு.

“முடிவுரைய மாத்தும்மா,” என்றார். “மத்ததெல்லாம் இருக்கட்டும்.”

“அத மாத்திட்டா மத்தது எதுக்கு சார்?” என்று கேட்டாள்.

“உருது பேசற வாய்க்கு இவ்ளோ தமிழ் எப்படிம்மா வருது?” என்று சிரித்தார். பக்கத்தில் நானும் நின்றேன். அவர் கன்னத்தில் ஒன்று விட்டிருக்கலாம் என்று இப்போதும் தோன்றுகிறது.

ஆய்வேடு அவர் மேசையில் தூங்கியது. அவரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் ஹுமேரா ஒரு ஷூ டப்பாவோடு போக வேண்டும். எங்கள் பக்கத்தில் இது எழுதாத சட்டம். கம்பெனியில் தையல் கொஞ்சம் கோணியதென்று ஒதுக்கிவிடும் ஏற்றுமதி ஷூவை ‘செகண்ட்ஸ்’ என்போம், பெரிய மனிதர்களுக்கு அதைத்தான் கொண்டுபோய்க் கொடுப்போம். ஹுமேராவின் தம்பி யாசிர் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருந்தான். ஒவ்வொரு டப்பாவுக்கும் அவன் ஸ்டோர் சூப்பர்வைசரிடம் பல்லைக் காட்ட வேண்டும். அந்த எரிச்சலை அக்காமேல் காட்டுவான்.

அப்புறம் அமெரிக்கா நம் சரக்குமேல் ஐம்பது சதவீதம் வரி போட்டது. யாசிர் கம்பெனியில் ஆர்டர் நின்றது. ஓவர்டைம் போனது, பிறகு வாரத்தில் பாதி நாள் வேலையும் போனது. நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்த அன்று அவன் ஹுமேராவைப் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தான்.

“ஆபா, நூறு வருஷம் முன்னாடி எவனோ போட்ட வரிக்கு நீ இன்னா குதி குதிக்கிற! எங்க தலையில இப்ப வுழுந்துச்சே, இதுக்கு ஒரு புக்கு எழுதேன்.”

“ரெண்டும் ஒன்னுதான்டா. உனக்கு மண்டையில ஏறல.”

“ஏறாது. வயித்துக்குப் போனாதான மண்டைக்கு ஏறும்?”

அதே வாரம் அவள் கூடவே நானும் புகழேந்தியைப் பார்க்கப் போனேன். தம்பிக்கு வேலை குறைந்துவிட்டது, வீட்டில் கஷ்டம், கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று ஹுமேரா வாய்விட்டுக் கேட்டாள். அதுவரை அவள் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஆர்டர் கேன்சலாமே? அப்ப சரக்கெல்லாம் இங்கயே கெடக்குமே. ஒம்போதாம் நம்பர்ல கறுப்பு ஒன்னு பாக்கச் சொல்லு.”

மனிதனாகப் பிறந்தவன் இப்படிக் கேட்பானா? கேட்டார். ஹுமேரா எழுந்து வந்துவிட்டாள். பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே வந்தோம், நான் ஆட்டோவுக்குக் கை காட்டியும்கூட அவள் நிற்கவில்லை.

அந்த மாதமே இன்னொரு கல்லூரியில் நிரந்தர உதவிப் பேராசிரியர் பணிக்கு விளம்பரம் வந்தது. முனைவர் பட்டம் கட்டாயம். வீட்டில் அடுப்பு எரிய வேண்டும், அப்பாவுக்கு மூச்சு இரைக்கிறது. ஹுமேரா இறங்கிவந்தாள். புகழேந்தி தன் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வரிவரியாகச் சொல்லச் சொல்ல, அவள் அதை முடிவுரையாகத் தட்டச்சு செய்தாள். வாசலுக்கு வெளியே உட்கார்ந்திருந்த எனக்கு அவர் குரலும் விசைப்பலகைச் சத்தமும் கேட்டன. அவளுடைய கோபமெல்லாம் அந்த விசைகளின்மேல் விழுந்துகொண்டிருந்தது.

ஆய்வேடு நகர்ந்தது. வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறித்தார்கள். அந்தத் தேர்வு பொதுமக்கள் முன்னிலையில் நடக்கும், யாரும் கேள்வி கேட்கலாம் என்று விதி. யாரும் என்றால் யாரோ அல்ல. நெறியாளரே கேள்விகளைத் தயாரித்துத் துண்டுச்சீட்டில் எழுதி நண்பர்களுக்குக் கொடுத்துவிடுவார், பதில் முன்கூட்டியே ஒத்திகை பார்க்கப்படும். எனக்கு வந்த சீட்டில், ‘இவ்வெதிர்வரியால் இந்திய உழவர் பெற்ற நன்மைகள் யாவை?’ என்று இருந்தது.

அன்று அரங்கு நிறைந்திருந்தது. பின்பக்கம் பிரியாணி அண்டா வந்து இறங்கியதும் கூட்டம் இன்னும் சேர்ந்தது. யாசிர் முதல் வரிசையில் புதுச் சட்டையில் இருந்தான். அப்பா வரவில்லை, படியேற முடியாது. தெற்கேயிருந்து வந்த வெளித்தேர்வாளர் பெரிய பெயர் வாங்கியவர். எடுத்த எடுப்பிலேயே முடிவுரையைக் கையில் எடுத்தார்.

“நீங்களே கொடுத்திருக்கிற அட்டவணையில் வரிக்குப் பிறகு மோரீஷஸ் சர்க்கரை ஏறுகிறது. இந்திய உழவனுக்கு என்ன வெற்றி இதில்? இவ்வளவு நல்ல ஆய்வுக்கு இப்படி ஒரு அபத்தமான முடிவா?”

ஹுமேரா நெறியாளரைப் பார்த்தாள். அரங்கில் பாதிப் பேர் அவரைத்தான் பார்த்தார்கள். புகழேந்தி மைக்கை இழுத்துக்கொண்டார்.

“நானும் பல தடவை சொன்னேங்க. பொண்ணு கேக்கல.”

பச்சைப் பொய். சாட்சிக்கு என் காதே இருக்கிறது. ஹுமேராவின் முகம் சிவந்தது. பார்வையாளர் கேள்விக்கு நேரம் வந்ததும் அவள் நேராக என்னைப் பார்த்தாள்.

“ஜோசுவா, உங்க கேள்வியக் கேளுங்க.”

எழுந்து சீட்டைப் படித்தேன். நன்மைகள் யாவை?

“ஒன்னும் இல்ல,” என்றாள். ஒத்திகையில் இந்தப் பதில் இல்லை. “ஒரு நன்மையும் இல்ல. நான் மொதல்ல எழுதுன முடிவுரையில அதத்தான் எழுதுனேன். இதுல இருக்கிறது சாரோட புக்குல இருந்து சார் சொல்லச் சொல்ல நான் டைப் பண்ணது. தேர்வாளர் சார் சொன்னது சரி. இது அபத்தம்தான்.”

பிரியாணி கிளறுகிறவர்கூடக் கரண்டியை நிறுத்தியிருப்பார். வெளித்தேர்வாளர் இருமினார். புகழேந்தியின் முகத்தைப் பார்த்தார், ஆய்வேட்டைப் புரட்டினார், மறுபடி இருமினார்.

“அப்படியா? பேராசிரியருடைய பார்வை என்றால்... அதிலும் ஒரு கோணம் இருக்கத்தான் செய்கிறது.”

அவளுடையதாக இருந்தபோது அபத்தம், அவருடையது என்று தெரிந்ததும் கோணம். இவர்களுக்கு வெட்கமே கிடையாது. இருவரும் உள்ளறைக்குப் போய்த் திரும்பி வந்தார்கள். பட்டத்துக்குப் பரிந்துரைக்கப்படுவதாக அறிவித்தார்கள். புகழேந்தி மைக்கைப் பிடித்து, குரல் தழுதழுக்க ஒன்று சொன்னார்.

“என் மாணவி என்னையே எதிர்த்துப் பேசுற அளவுக்கு நான் சுதந்திரம் குடுத்து வளர்த்திருக்கேன். ஒரு ஆசிரியனுக்கு இதவிட இன்னா வேணும்?”

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. யாசிரும் விவரம் புரியாமல் தட்டினான். ஹுமேரா நின்றபடியே இருந்தாள். அவள் உண்மையைச் சொன்னதையே அந்த ஆள் தன் பெருமையாக எடுத்து விழுங்கிவிட்டார்.

அதற்குப் பிறகும் ஒரு வழி இருந்தது. நூலகத்துக்குப் போகுமுன் ஆய்வேட்டில் திருத்தம் செய்யலாம், நெறியாளர் ஒப்புதல் மட்டும் வேண்டும். ஹுமேரா தன் பழைய முடிவுரையோடு போனாள். பட்டம் வந்தால் போதும் என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். அவளுக்கு அது போதவில்லை. தன் பெயருக்குக் கீழே அந்தப் பொய் நிற்கக் கூடாது, அவ்வளவுதான் அவள் கேட்டது. புகழேந்தி இன்று நாளை என்று இழுத்து, கெடு முடிந்த பிறகு கையை விரித்தார். பொய்யோடேயே ஆய்வேடு நூலகத்துக்குப் போனது, இணையத்திலும் ஏறியது.

அவர் அதற்காகத்தான் காத்திருந்தார் என்பது பிறகு புரிந்தது. ‘கரும்பின் வெற்றி’ இரண்டாம் பதிப்பு வந்தது. முன்னுரையிலேயே, ‘எனது முடிவை முனைவர் ஹுமேராவின் ஆய்வும் தனித்து நிறுவியுள்ளது’ என்று அச்சடித்திருந்தார். வெளியீட்டு விழா அழைப்பிதழில் முதல் பிரதி பெறுபவர் என்று அவள் பெயர். அவளிடம் கேட்கக்கூட இல்லை. போனில் மட்டும் கூப்பிட்டார்.

“முதல் பிரதிய வாங்கிக்கம்மா. அடுத்த வாரம் அந்த காலேஜ் இன்டர்வியூ கமிட்டியில நான் இருக்கேன், தெரியும்ல?”

“போகாத. உடம்பு சரியில்லன்னு சொல்லிடு,” என்றேன் நான்.

“போவலன்னா எனக்கு உடம்பு சரியில்லன்னு அவரே மைக்ல சொல்லி, எம்பேர்ல வேற யாருக்காவது குடுத்துடுவாரு. போறேன்.”

“போயி இன்னா பேசப் போற?”

“பேசமாட்டேன். பேசுனா அதையும் அவரு தின்னுடுவாரு.”

விழாவில் அவள் பெயரைக் கூப்பிட்டதும் மேடை ஏறினாள். புகழேந்தி புத்தகத்தைப் பட்டு நாடா அவிழ்த்து எடுத்து, காமிரா பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினார். அவள் இரண்டு கைகளையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டாள். புத்தகம் நீட்டியபடியே நின்றது. அவர் பல்லைக் காட்டியபடி மெதுவாக, “வாங்கிக்கம்மா,” என்றார். அவள் வாங்கவில்லை. மைக்கில், “கூச்சப்படுறா,” என்றார். கூட்டம் சிரித்தது, அவள் சிரிக்கவில்லை. அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கையில் திணிக்கப் பார்த்தார். புத்தகம் தரையில் விழுந்தது.

யாரும் குனிந்து எடுக்கவில்லை. அப்போது புகழேந்தி என்னைப் பார்த்தார். “ஜோசுவா, நீ வாப்பா.” என் ஆய்வேடு அவர் மேசையில் இருக்கிறது. நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு முடிந்த வீரம் அவ்வளவுதான். பக்கத்திலிருந்த கிறிஸ்டினா, அவளும் அவரிடம் ஆய்வு செய்கிறவள், ஓடிப்போய் எடுத்துத் துடைத்து வாங்கிக்கொண்டாள். மறுநாள் பத்திரிகையில் அவள் படம் வந்தது.

வெளியே வந்ததும் ஹுமேரா என்மேல் பாய்ந்தாள்.

“பைத்தியமா உனக்கு? நீ வாங்கி இருக்கலாம்ல? உன் தீசிஸ் அவர்கிட்ட மாட்டிக்கினு இருக்குது. போட்டோவுல நான் இல்லன்னா போதும் எனக்கு.”

சொல்லிவிட்டு ரோட்டிலேயே அழுதாள். அவள் அழுது அன்றுதான் பார்த்தேன். இன்டர்வியூவுக்குப் போனாள், அவளிடம் ஒரே கேள்வியாகப் பெயரை மட்டும் கேட்டு அனுப்பிவிட்டார்கள். யாசிர் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. பிறகு அவனாகவே வந்து, “எனக்கு முன்னாடியே சொல்லி இருந்தா அன்னிக்கு நான் கைதட்டி இருக்கமாட்டேன் ஆபா,” என்றானாம்.

போன மாதம் பல்கலைக்கழக நூலகத்திலிருந்து எனக்கு ஒரு போன். உங்கள் சக ஊழியர் ஒருவர் இங்கே தகராறு செய்கிறார், வந்து அழைத்துப் போங்கள் என்றார்கள். போனேன். வாசிப்பறையில் ஹுமேரா தன் ஆய்வேட்டை மேசையில் விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முடிவுரைப் பக்கங்கள் எல்லாவற்றிலும் மேலிருந்து கீழ்வரை பால்பாயிண்ட் பேனாவால் குறுக்கே கோடு போட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் ‘இது என்னுடையது அல்ல’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். நூலகர் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றார்.

“நூலகப் புத்தகத்தைக் கிழிச்சா, கிறுக்கினா அபராதம்மா. யாரோட ஆய்வேடு தெரியுமா இது?”

அவள் அட்டையைத் திருப்பி, பொன் எழுத்தில் இருந்த தன் பெயரைக் காட்டினாள்.

“என்னோடது சார். எவ்ளோ கட்டணும், சொல்லுங்க.”